தீபாவளிச் சேலைக்காக அம்மாவின் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். இனி என்ன செய்வது?

பொகவந்தலாவை மகள் கேட்கிறார்:

மூன்று நாட்களாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இங்கே என்னை யாருக்கும் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஹட்டனில் ஒரு முன்பள்ளியில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போய்த் திங்கள் காலை திரும்புவேன். அம்மா கொழுந்து பறிக்கிறார். தீபாவளி முற்பணம் கிடைத்ததும், "இந்த மழையில் என்னால் டவுனுக்கு ஏறி இறங்க முடியாது, நீயே பார்த்து மூன்று சேலை எடு" என்று பணத்தை என் கையில் கொடுத்தார். அவருக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்த முற்பணத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிக்கொள்வார்கள் என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பேஸ்புக்கில் ஒரு சேலைப் பக்கம் பார்த்தேன். மூன்று சேலை 7,500 ரூபா. "தோட்டங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்து அங்கே பணம் வாங்கும் வசதி எங்களிடம் இல்லை, முழுவதையும் முதலில் கட்டுங்கள்" என்றார்கள். எங்கள் ரோட்டை நினைத்துப் பார்த்தபோது அது நியாயமாகவே பட்டது. ஹட்டனில் பணம் வைப்பிலிடும் இயந்திரத்தில் போட்டேன். கணக்கு கடையின் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் போட்டேன்.

பிறகு வட்ஸ்அப்பில், பொதியை வேறு யாரும் வாங்கிவிடாமல் இருக்க அம்மாவின் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். சேலை தீர்ந்துவிட்டால் பணத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கேட்டார்கள். இரண்டையும் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தபாலகத்திலிருந்து வந்தது போல ஒரு குறுஞ்செய்தி. "முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பொதி திருப்பி அனுப்பப்படும். 24 மணி நேரத்துக்குள் 65 ரூபா செலுத்தி முகவரியைச் சரிசெய்யவும்." எங்கள் லயத்துக்கு எப்போது முழு முகவரி இருந்தது? வீட்டு இலக்கம் கிடையாது, வீதியின் பெயர் கிடையாது. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதினால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து வந்து நல்ல வேலையைத் தவறவிட்டவள் நான். அதனால் அந்தச் செய்தியை ஒரு நொடிகூடச் சந்தேகிக்கவில்லை. இணைப்பைத் திறந்து, சம்பளப் பணம் எடுத்துக் கொடுப்பதற்காக என்னிடம் இருந்த அம்மாவின் ஏ.டி.எம். அட்டையின் இலக்கத்தையும், பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தையும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மலையில் நின்ற அம்மாவுக்கு ஒருவர் தமிழில் பேசியிருக்கிறார். "உங்கள் மகள் எடுத்த சேலை வந்திருக்கிறது அம்மா, போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்றாராம். "மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று அம்மா போனை வைத்துவிட்டார். அவர் எனக்கு அழைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. இப்போது அந்தப் பேஸ்புக் பக்கமே இல்லை.

போன 7,500 ரூபாவை விட அந்த அட்டைப் படம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதை வைத்து அம்மாவின் பெயரில் கடன் எடுப்பார்களா? சிம் வாங்குவார்களா? அம்மாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சேலை வரத் தாமதமாகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பண்டாரவளை அக்கா:

தங்கச்சி, இதை வாசித்து முடிக்க முன்பே போனை எடுங்கள். அம்மாவின் ஏ.டி.எம். அட்டைக்குப் பின்னால் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்குப் பேசி அட்டையை நிறுத்துங்கள். இலக்கத்தை இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம், வங்கிகளின் பெயரிலேயே போலி இலக்கங்கள் உலாவுகின்றன. ஆறு இலக்கத்தைச் சொல்லவில்லையே என்று ஆறுதல் அடையவும் வேண்டாம். அந்த இலக்கத்தைக் கேட்காமலே அட்டையிலிருந்து பணம் எடுக்கும் வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் இருக்கின்றன. மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது.

நான் வங்கியொன்றின் கருமபீடத்தில் வேலை செய்கிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பணம் எடுக்க முடியாது. ஆனால் புத்தகமும் அடையாள அட்டையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது நல்லதல்ல. அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். கணக்கில் பதிந்திருக்கும் தொலைபேசி இலக்கம் அவருடையதுதானா, அவருக்குத் தெரியாமல் இணைய வங்கிச் சேவை எதுவும் திறக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

போட்ட பணத்தைப் பற்றி உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். இப்போது வங்கிக்கு வங்கி பணம் நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, அவர்கள் அடுத்த சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். அப்படியிருந்தும் பற்றுச்சீட்டோடு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அந்தக் கணக்கை முடக்கினால் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் இன்னொரு அம்மாவின் பணமாவது தப்பும். வங்கி ஒழுங்கான பதில் தராவிட்டால், கொடுத்த முறைப்பாட்டின் பிரதியோடு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். அதன் இலக்கம் 1935.

அம்மாவின் பெயரில் யாராவது கடன் எடுத்தார்களா என்பதை அறிய, எல்லோரும் 'கிரிப்' என்று சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைக் கேளுங்கள். தன்னுடைய அறிக்கையைத் தானே கேட்டுப் பெற யாருக்கும் உரிமை உண்டு. இப்போது ஒரு முறையும், சில மாதம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள்.

இன்னொன்று. இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன்" என்று உங்களுக்குத் தனியாக யாராவது எழுதுவார்கள். பதில் போட வேண்டாம். ஒரு முறை ஏமாந்தவரைத் தேடி வருகிறவர்கள் அவர்கள்.

ஹட்டன் பழைய கடைக்காரன்:

மகளே, ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினான்கு வருடம் ரீலோட், போட்டோ பிரதிக் கடை வைத்திருந்தேன். கடன் பத்திரத்தில் தொடங்கிப் பள்ளிக்கூட அனுமதி, சேமலாப நிதி விண்ணப்பம் என்று எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் அடையாள அட்டைகள் என் இயந்திரத்தின் கண்ணாடி மீது படுத்து எழுந்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பக்கத்துக் கடையில் வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த காகிதத்தில் ஒரு பெண்ணின் முகம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எல்லாம் தெளிவாக இருந்தது. மை மங்கிவிட்டது என்று நான் கழித்துப் பெட்டியில் போட்ட பிரதிதான் அது. பழைய காகிதம் எடுக்கிறவர் மூலமாக வடைக் கடைக்குப் போயிருக்கிறது. அந்த வடையை என்னால் சாப்பிட முடியவில்லை. அன்றிலிருந்து கடையை மூடும் நாள்வரை கழித்த பிரதிகளை நானே அடுப்பில் போட்டு எரித்தேன். அதற்கு முன் எத்தனை முகங்கள் என் கடையிலிருந்து போயினவோ. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும், சரியாக விழாத பிரதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நம் ஆட்கள் அட்டையை நீட்டும் வேகத்தைப் பதினான்கு வருடம் பார்த்தேன். "எதற்குக் கேட்கிறார்கள்?" என்று நான் கேட்டால் "கேட்டார்கள், அதனால்தான்" என்பார்கள். அது அறியாமை என்று சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வரும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வழியில் பிறந்த நம் பாட்டன்மாரை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று ஆட்களை எண்ணிப் பிரித்தது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் தாத்தா பிறப்புச் சான்றையும், பெயர் பதிந்த துண்டுகளையும் ட்ரங்குப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். யார் வந்து கேட்டாலும் அதை அவிழ்த்துக் காட்டுவார். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயம்தான் மூன்று தலைமுறை கடந்து வட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. அதிகாரமாக ஒருவன் கேட்டால் நாம் எடுத்து நீட்டுகிறோம். சேலை விற்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது, மகளே. சேலை விற்கப் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் போதும்.

அடையாள அட்டை இலக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து கொடுக்கும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். தொடக்கத்தில் பிறந்த வருடம், அடுத்து அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு, பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1972 மார்ச் 14இல் பிறந்த ஒரு பெண்ணின் பழைய இலக்கம் 72574 என்று தொடங்கும், புதியது 1972574 என்று தொடங்கும். அதைப் பார்த்தவனுக்கு அவர் பிறந்த நாளும் தெரியும், பெண் என்பதும் தெரியும். ஏ.டி.எம். இரகசிய எண்ணாக நம் அம்மாமார் எதை வைத்திருக்கிறார்கள்? பிறந்த வருடத்தைத்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், கண்ணாடி அணியாத எத்தனையோ பேர் என்னிடம் அட்டையையும் எண்ணையும் கொடுத்துப் பக்கத்து இயந்திரத்தில் பணம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் எண் அதுவாக இருந்தால் புதிய ஏ.டி.எம். அட்டைக்கு அதையே மறுபடி வைக்க வேண்டாம்.

சிம் பற்றிக் கேட்டீர்கள். ஹட்டனில் இருக்கும் தொலைபேசி நிறுவனங்களின் கிளைகளுக்கு அம்மாவே போய், தன் அட்டைக்கு எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று கேட்கலாம். அவர் வாங்காத இலக்கம் இருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்தோடு நின்றுவிட வேண்டாம், எல்லாவற்றிலும் கேளுங்கள்.

இனிமேல் உண்மையான தேவைக்கு அட்டைப் பிரதி கொடுக்க நேர்ந்தால், பிரதியின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இடையில் "இன்ன கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று திகதியோடு பேனாவால் எழுதுங்கள். எழுத்து முகத்தை மறைக்காமல், ஆனால் இலக்கத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகட்டும். போனில் அனுப்புவதாக இருந்தால் முதலில் பிரதி எடுத்து, எழுதி, அந்தத் தாளைப் படம் எடுங்கள். பிரதிக்கு ஆகும் சில்லறைக் காசைப் பார்க்க வேண்டாம்.

தபால் செய்தியைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அதை அனுப்பியவனுக்கு நம் லயத்தைத் தெரியாது. ஊர் முழுக்க அதே செய்தியைத்தான் அனுப்புகிறான். நம்மிடம் வந்தபோது அது நம் வாழ்க்கையாகவே இருந்துவிட்டது. தபாலகம் இப்படிப் போனில் அட்டை இலக்கம் கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் பொகவந்தலாவைத் தபாலகத்தில் நேரே போய்க் கேட்கலாம். இணைப்பின் முகவரியைப் பார்க்கத் தெரிந்தால், தொடக்கத்தில் வரும் https:// என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் அரசாங்கத் தளம் என்றால் அந்த இடத்தில் 'கவ் புள்ளி எல்கே' (gov.lk) என்று முடிந்திருக்கும். திருடர்கள் அதே எழுத்துகளை முன்னால் வைத்துவிட்டு, பின்னால் வேறு எதையோ ஒட்டியிருப்பார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களை ஏமாற்றியவன் அவரை ஏமாற்ற முடியாமல் போனான். அதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மஸ்கெலியா தம்பி:

பொலிசுக்குப் போவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. போன வருடம் என் அக்காவின் வட்ஸ்அப் கணக்கைப் பறித்துக்கொண்டு சொந்தக்காரர் எல்லோரிடமும் "அவசரம், 20,000 போடுங்கள்" என்று கேட்டார்கள். சின்னம்மா போட்டுவிட்டார். முதல் நாள் பொலிஸ் நிலையத்தில், "இதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் நடந்ததை நாள், நேரம், தொகை, கணக்கு இலக்கம் எல்லாம் போட்டுத் தமிழில் எழுதிக்கொண்டு போனோம். தமிழ் 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு அரசகரும மொழி, தமிழில் கொடுத்தால் வாங்க வேண்டும் என்று அக்கா அமைதியாகச் சொன்னார். பதிவு செய்து முறைப்பாட்டு இலக்கம் கொடுத்தார்கள். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் நாளைக்கு உங்கள் அம்மாவின் பெயரில் ஒரு கடன் கடிதம் வந்தால், எங்கள் அட்டைப் படம் இந்தத் திகதியிலேயே களவு போனது என்று காட்ட அந்த இலக்கம் வேண்டும். கணினிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கணினி அவசரத் தயார்நிலைக் குழுவுக்கு 101இல் பேசலாம். பேசியவற்றின் படங்களை அழித்துவிட வேண்டாம், அவைதான் சாட்சி.

வட்ஸ்அப்பின் அமைப்புகளில் இரண்டு படி உறுதிப்படுத்தலை இன்றே போடுங்கள், அம்மாவின் போனிலும்.

நீங்கள் பணம் போட்ட அந்தத் தனி ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் திருடனாக இல்லாமலும் இருக்கலாம். என்னோடு படித்தவன் ஒருவன், "உன் கணக்குக்குப் பணம் வரும், எடுத்துக் கொடு, நூற்றுக்கு ஐந்து உனக்கு" என்று யாரோ சொன்னதை நம்பினான். தோட்டத்தில் வேலை இல்லை, கொழும்புக் கடையிலும் வேலை இல்லை. மூன்று வாரத்தில் கணக்கு முடங்கியது, பொலிஸ் வீட்டுக்கு வந்தது. பணம் எடுக்கச் சொன்னவனின் உண்மைப் பெயர்கூட இவனுக்குத் தெரியாது. பேப்பரில் இருப்பது இவனுடைய பெயர் மட்டும்தான். பண்டிகைக் காலத்தில்தான் இப்படிக் கேட்டு வருகிறார்கள். இதை வாசிக்கும் தம்பிமார் யாராவது அப்படிக் கணக்கைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கியில் போய்ச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவை மகள்:

எல்லோருக்கும் நன்றி. அட்டையை அன்றிரவே நிறுத்திவிட்டேன். அதற்குள் யாரோ இரண்டு முறை பணம் எடுக்க முயன்றிருக்கிறார்கள், கணக்கில் போதிய பணம் இல்லாததால் போகவில்லையாம். சம்பளம் போட இன்னும் நான்கு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆள் என்னை அம்மா என்று கூப்பிட்ட விதமே சரியில்லை" என்றார். பிறகு, "நீ ஏன் மூன்று நாள் தனியாக அழுதாய்?" என்று கேட்டார். சேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்கார ஐயா சொன்ன அந்த 500 கணக்கை அவருடைய அட்டையில் போட்டுக் காட்டினேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "என் பிறந்த நாள் இதிலேயே இருக்கிறதா?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரகசிய எண்ணும் ஐயா சொன்னபடியேதான் இருந்தது.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. அரை நாள் பெயராவது விழட்டும், பாதிச் சம்பளமாவது கிடைக்கும், பின்னேரம் போவோம் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். முதலில் பொலிஸ் நிலையம். நான் எழுதிக்கொண்டு போனதை வாங்கிப் பதிந்தார்கள், இலக்கம் கிடைத்தது. அங்கிருந்து வங்கி. சிம் இரண்டு நிறுவனங்களில் கேட்டோம், அவருடையது ஒன்றைத் தவிர வேறு இல்லை. மற்ற நிறுவனங்களில் அடுத்த வாரம் கேட்போம். கிரிப் அறிக்கைக்கும் விண்ணப்பித்திருக்கிறோம்.

புதிய அட்டை கிடைத்ததும் இயந்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "எந்த எண் வைக்கலாம் அம்மா?" என்று கேட்டேன். என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். கண்ணாடியின் ஊடாகப் பார்த்தேன். இடது கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக மெதுவாக அழுத்தினார். அந்த எண்ணை எனக்கும் சொல்லவில்லை.